"வேற யாருக்கும் இப்படி வரலையே மேடம்"

கேள்வி: அக்கா, தனி ஆளாகச் சின்ன ஸ்டேஷனரி கடை நடத்துகிறேன். வருஷத்துக்கு 9,500 ரூபாய் கட்டி பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கினேன். போன மாதம் அவர்களே அப்டேட் போட்டார்கள். அன்றிலிருந்து கடையில் இருக்கிற நோட்டுக்கு மைனஸ் 40 காட்டுகிறது, பழைய பில்லில் பாதியைக் காணோம். கஸ்டமர் கேரில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, பாட்டு, பிறகு கட். ஒருமுறை லைன் கிடைத்தபோது, "வேற யாருக்கும் இப்படி வரலையே மேடம், நீங்கதான் எதையாவது தப்பா அழுத்தியிருப்பீங்க" என்றார்கள். மறுநாளே 'புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ். தப்பு என் மேல்தானோ?
- வாசகி, மன்னார்குடி

பதில்: இல்லை சகோதரி. அந்தச் சந்தேகத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

ஒரு துணிக்கடையில் 20 வருஷம் கணக்கு எழுதியவள் நான். புதிதாக கம்ப்யூட்டர் பில் வந்த சமயம், ஒரு ராத்திரி கல்லாவில் 1,840 ரூபாய் குறைந்தது. கல்லாவில் இருந்த பெண் அழுதுகொண்டே கைக்காசைக் கட்டினாள். திரும்பி வந்த ஒரு புடவையை மிஷின் இரண்டு தடவை வரவு வைத்திருந்தது என்று மூன்று வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். அவள் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பிரிட்டனில் இதே கதை ஊர் ஊராக நடந்தது. 1999 முதல் அங்கே தபால் நிலையங்களில் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருள் வந்தது. உண்மையில் இல்லாத பற்றாக்குறையை அது காட்டியதால், கிளைகளை நடத்தியவர்கள் கைக்காசைப் போட்டார்கள். 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க் கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள், சிலர் சிறைக்கே போனார்கள். உதவி எண்ணில் கேட்ட பலருக்கும் கிடைத்த பதில், உங்களுக்கு மட்டும்தான் இப்படி என்பது. 2009-இல் ஒரு கிராமத்து மண்டபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் கூடிய பிறகுதான் எத்தனை பேர் என்று ஒருவருக்கொருவர் தெரிந்தது. 555 பேர் வழக்குப் போட்டார்கள். மென்பொருளில் பிழைகள் உண்டு என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது.

ஆகவே, அதே சாஃப்ட்வேர் வைத்திருக்கும் கடைக்காரர்களை இந்த வாரமே விசாரியுங்கள். மைனஸ் காட்டும் திரையை தேதி, நேரம் தெரிய போட்டோ எடுங்கள். இனி போன் வேண்டாம். எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதி, பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு, 'இது தீரவில்லை, திரும்பத் திறக்கவும்' என்று கேளுங்கள். காணாமல்போன பில்களின் பேக்கப்பையும் கேளுங்கள், அது உங்கள் கணக்கு. சரியாகும்வரை இருப்பை நோட்டில் எழுதி வையுங்கள். ஜி.எஸ்.டி. கட்டுபவராக இருந்தால் ஆடிட்டரிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். கடைக்காக வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று கம்பெனி வாதாடக்கூடும். பிழைப்புக்காக மட்டும் சுயதொழில் செய்பவரை 2019 நுகர்வோர் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். வாங்கியதற்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை வந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

9,500 ரூபாய் கட்டிய ரசீது இருக்கிறதா? இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள்.