ஆட்டின் முட்டி எங்கே இருக்கிறது?

கோத்தகிரி அம்மாவுக்கு வணக்கம்.

போன வாரம் மகளோடு வந்திருந்தீர்கள். "நீட்ல மார்க் வரலைன்னா இவ கதி என்ன சார்" என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டபோது பிள்ளை வாயே திறக்கவில்லை. அவள் மடியில் இருந்த நோட்டைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டு ஆட்டின் பின்னங்காலை வரைந்திருந்தாள். மடங்கும் இடத்தில் அம்புக்குறி போட்டு, 'முட்டி ஏன் பின்னால் மடங்குது?' என்று எழுதியிருந்தாள்.

அது முட்டியே இல்லை, கணுக்கால். நிஜ முட்டி மேலே, வயிற்றை ஒட்டி மறைந்திருக்கிறது. குளம்பு என்பது இரண்டு விரல்களின் நகம். அந்த நகத்தை ஊன்றித்தான் ஆடு நடக்கிறது. நான் இதைச் சொன்னதும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நுனிவிரலில் நின்று பார்த்தாளே, கவனித்தீர்களா? எனக்கு அவளைப் பற்றி அதுவே போதுமாக இருந்தது.

இந்தக் கேள்வி சோறு போடுமா என்றால், போடும். அமெரிக்காவில் வான் பிலிப்ஸ் என்பவர் 1976இல் விபத்தில் ஒரு காலை இழந்தார். சிவிங்கிப்புலியின் பின்னங்கால் வில்லாக வளைந்து உந்துவதைப் பார்த்து, கார்பன் இழையில் செயற்கைக் கால் செய்தார். ஓட்டப்பந்தயத்தில் பார்க்கிறோமே, வளைந்த தகடு போன்ற கால், அது அப்படி வந்ததுதான். நம் நாட்டில் 1968இல் டாக்டர் சேத்தியும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து ரப்பரில் ஜெய்ப்பூர் கால் செய்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்காரலாம், வெறுங்காலோடு வயலிலும் இறங்கலாம்.

செயற்கை உறுப்புகள் செய்யவே பி.பி.ஓ. என்று நான்கரை வருடப் படிப்பு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் படிக்கலாம். ஆடு மாடுதான் பிடிக்கும் என்றால் கால்நடை மருத்துவம், ஐந்தரை வருடம். அதில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு ப்ளஸ் டூ மார்க்தான், நீட் தேவையில்லை. நீலகிரி செம்மறியோடு மெரினோ, ராம்புலே என்ற வெளிநாட்டுச் செம்மறிக் கிடாக்களைச் சேர்த்து நல்ல கம்பளி தரும் சாண்டினோ இனத்தை உருவாக்கியது நம் ஊட்டிக்குப் பக்கத்துச் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம். அது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததுதான். அனுமதி கேட்டு ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இப்போது முடிவு செய்ய வேண்டியது இரண்டே விஷயம். ப்ளஸ் ஒன்னில் கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப் எடுக்கட்டும். கணக்கை விட்டால், செயற்கைக் கால் மாதிரி மருத்துவக் கருவிகளை வடிவமைக்கும் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் போய்விடும், உயிரியலை விட்டால் கால்நடை போய்விடும். அப்புறம், கடன் வாங்கி மேட்டுப்பாளையத்தில் தனியார் பள்ளியில் சேர்க்கப் போவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. கால்நடை, இன்ஜினியரிங் இரண்டிலும் உண்டு. இத்தனை வருடம் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு அந்த உரிமையை இப்போது இழக்கக் கூடாது.

அடுத்த முறை சூப்புக்கு ஆட்டுக்கால் வாங்கினால், வெட்டாமல் ஒன்றை அவளிடம் கொடுங்கள். பின்பக்கம் கயிறு மாதிரி வெள்ளையாக இருக்கும் தசைநாணைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். குளம்பு மடங்கும்.