சம்பளமில்லாத வேலை – கடிதம்

வணக்கம்.

என்னுடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் பகலெல்லாம் அலுவலகத்தில் நிரல் எழுதிவிட்டு, இரவில் ஒரு திறமூல மென்பொருளுக்கும் (யாரும் நிரலைப் பார்க்கவும் மாற்றவும் திறந்து வைத்திருக்கும் மென்பொருள்) எழுதுகிறார். காசு கிடையாது. கேட்டால், “அடுத்த வேலை தேடும்போது உதவும்” என்கிறார். அதற்காக மட்டும் ஒருவர் இத்தனை வருடம் தூக்கம் கெடுவாரா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொல்வதிலும் உண்மை உண்டு. எல்லோர் பார்வைக்கும் இருக்கும் நிரலை வேலை கொடுப்பவர்களும் பார்க்கிறார்கள். தவிர, எல்லாமே இலவச உழைப்பும் இல்லை. இன்று லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு வரும் மாற்றங்களில் பெரும்பகுதி நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்கள் எழுதுவது.

ஆனால் தொடக்கத்தைத் தோண்டினால் அநேகமாக ஒரு சொந்த எரிச்சல் கிடைக்கும். 1977இல் தன் புத்தகத்தின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படிகளின் அவலட்சணம் பொறுக்காமல்தான் கணினி அறிஞர் டொனால்ட் க்னூத், டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுத உட்கார்ந்தார். நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு எரிச்சல் தந்தது ஒரு லேசர் பிரிண்டர். காகிதம் சிக்கினால் தகவல் சொல்லும்படி அதை மாற்ற நினைத்து மூலநிரல் கேட்டார், கிடைக்கவில்லை. யாரும் பார்த்து மாற்றக்கூடிய ஓர் இயங்குதளத்தை உருவாக்க 1983இல் அவர் அறிவித்த க்னூ திட்டத்துக்குப் பின்னால் அந்தக் கோபமும் இருக்கிறது.

எரிச்சல் தீர்ந்த பிறகும் ஏன் போகாமல் இருக்கிறார்கள்? நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இதைத்தான். அவர்கள் எழுதியதை யாரோ படிக்கிறார்கள் என்பதே காரணம் என்று நம்புகிறேன். அலுவலகத்தில் பெரும்பாலும் “முடிந்ததா?” என்றுதான் கேட்பார்கள். இங்கே முன்பின் தெரியாத ஒருவர் வரிவரியாகப் படித்து, “உள்ளீடு காலியாக வந்தால் இந்த இடத்தில் உடையும்” என்கிறார். திருத்தி அனுப்பினால் ஏற்கிறார். நம் பெயர் அந்த நிரலின் வரலாற்றில் ஏறுகிறது. அப்படிப் படிக்கப்பட்டவர் அடுத்த முறை இன்னும் நன்றாக எழுதவே விரும்புவார்.

அந்தக் கவனிப்பு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2024இல் பார்த்தோம். எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியை ஏறக்குறைய தனியாகவே பராமரித்துச் சோர்ந்திருந்தவருக்கு, ‘ஏன் தாமதம்’ என்ற நச்சரிப்புகள்தான் வந்தன. உதவ வந்தவராக நடித்த ஒருவர் மெல்ல நம்பிக்கை பெற்று, கணினிகளுக்குள் ரகசியமாக நுழையும் பின்கதவு ஒன்றை அதில் வைத்துவிட்டார். உள்நுழைவில் அரை நொடித் தாமதத்தைக் கவனித்து, விடாமல் துருவி அதை வெளிக்கொண்டுவந்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர். அது அவருக்கு யாரும் இட்ட வேலையில்லை.

உங்கள் நண்பரிடம் சம்பளத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அவர் கடைசியாக அனுப்பிய மாற்றத்தை யார் படித்தார், என்ன சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள். நிறையப் பேசுவார்.

அன்புடன்