ராத்திரி டியூட்டிக்காரரிடம் தூக்கம் பற்றிக் கேளுங்கள்

சேலத்தில் ஒரு தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் 16 வருடமாக டெக்னீஷியன். வருபவர் தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டிவிட்டு, அவர் தூங்குவதை விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பதுதான் வேலை. நான் டாக்டர் இல்லை, மாத்திரைப் பெயர் கேட்காதீர்கள். இன்று லீவு. ஆரம்பிக்கலாம்.

அஸ்தம்பட்டி அக்கா: எத்தனை மணி நேரம் தூங்கணும்? என் தம்பி 5 மணி நேரம் போதும்கிறான்.

பெரியவர்களுக்கு 7 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. வளரும் பிள்ளைகளுக்கு, 13 முதல் 18 வயது வரை, 8 முதல் 10 மணி நேரம். குறைந்த தூக்கமே போதும் என்று பிறவியிலேயே அமைந்தவர்கள் உண்டு, ஆனால் ரொம்ப அபூர்வம். தம்பி ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை எழுந்திருக்காமல் கிடக்கிறாரா? அப்படியானால் அவர் அந்த ரகம் இல்லை.

சங்ககிரி, லாரி ஓட்டுநர்: பெங்களூர்ல இருந்து திரும்புறப்போ தோப்பூர் கணவாய் இறங்கையில கண்ணு சொக்குது. முகம் கழுவிட்டு ஓட்டுறேன். வேற வழி உண்டாண்ணே?

முகம் கழுவினால் சில நிமிஷம் தாங்கும், அவ்வளவுதான். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் ஏறியவருடையது போலத் தடுமாறும் என்று 1997லேயே ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நம் ஊர்ச் சட்டம் அனுமதிப்பது 0.03 தான். காலை 5 மணிக்கு எழுந்தவர் ராத்திரி 10 மணிக்கு அந்த நிலைக்கு வந்துவிடுகிறார். ஊதச் சொன்னால் மட்டும் மெஷினில் ஒன்றும் காட்டாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி கண் மூடினால் வண்டி 50 மீட்டர் ஆளில்லாமல் போகிறது. கணவாய்க்கு முன்னாலேயே ஓரம் கட்டுங்கள். ஒரு டீ குடித்துவிட்டு உடனே 20 நிமிஷம் படுங்கள். டீ வேலை செய்ய ஆரம்பிக்கும்போது எழுந்திருப்பீர்கள். இதுவும் தற்காலிகம்தான் தம்பி, வீட்டுக்குப் போய்த் தூங்கியே ஆகணும்.

செவ்வாய்ப்பேட்டை: எங்க வீட்டுக்காரர் படுத்ததும் குறட்டை விட்டு அசந்து தூங்குறார். ஆனா காலையில கொலுசுப் பட்டறையில உட்கார்ந்தா தூங்கி வழியுறார். பிபிக்கு மூணு மாத்திரை போட்டும் குறையலை.

அம்மா, இதைத்தான் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் கத்திக்கொண்டிருக்கிறேன். குறட்டை அசந்த தூக்கத்தின் அடையாளம் இல்லை. தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு போகும் வழி குறுகுவதால் வரும் சத்தம் அது. சிலருக்கு அந்த வழி முழுக்கவே அடைத்துக்கொள்ளும். என் திரையில் அப்போது மார்பு ஏறி இறங்குவது தெரியும், மூக்கில் காற்று வராது. 10 விநாடி நின்றால் ஒன்று என்று எண்ணுவோம். ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறி உலுக்கும். ஒரு பெரிய இழுப்பு, அப்புறம் மறுபடி குறட்டை. மணிக்கு 5 தடவைக்கு மேல் போனால் நோய்க் கணக்கு, 30ஐ எட்டினால் கடுமை. இத்தனை தடவை எழுந்தது காலையில் அவருக்கு நினைவே இருக்காது, "நல்லாத்தான் தூங்கினேன்" என்பார்.

ஒவ்வொரு உலுக்கலிலும் ரத்த அழுத்தம் எகிறுகிறது. மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிபிக்குப் பின்னால் பல பேருக்கு இதுதான் ஒளிந்திருக்கும். வருடக்கணக்கில் விட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், பக்கவாதம் வரை கொண்டுபோகும். இன்றைக்கு ராத்திரி குறட்டை நின்று திணறுவதைச் செல்போனில் வீடியோ எடுங்கள். காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ நுரையீரல் டாக்டரிடமோ அதைக் காட்டுங்கள். பரிசோதனையில் உறுதியானால் காற்று அழுத்தம் தரும் சிபாப் மெஷின் இருக்கிறது. எடையையும் குறைக்கணும். மது கூடவே கூடாது.

குகை: எத்தனை மணி நேரம் தூங்கணும் சார்?

முதல் பதில்.

சூரமங்கலம்: நல்ல தூக்க மாத்திரை ஒண்ணு சொல்லுங்க.

மேலே முதல் பத்தியைப் படியுங்கள். மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். குறட்டைக்காரர் என்றால் இரட்டை ஆபத்து.

ஐந்து ரோடு: 10 மணிக்குப் படுத்தா 1 மணி வரைக்கும் புரள்றேன்.

சாயங்காலக் காபியை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். தூக்கம் வராமல் படுக்கையில் கிடக்காதீர்கள், எழுந்து உட்காருங்கள். எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள்.

ஏற்காடு, காபித் தோட்டம்: காபி மேல ஏன் பழி? எங்க அப்பாரு ராத்திரி 9 மணிக்குக் குடிச்சிட்டு உடனே தூங்கிடுவாரு.

வாங்க அண்ணா. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே வரும், அதுதான் தூக்கத்தைக் கூப்பிடுவது. அது உட்கார வேண்டிய சீட்டில் காஃபின் வந்து பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்துவிடுகிறது. குடித்ததில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். அப்பாரு உடம்பு சீக்கிரம் கழித்திருக்கலாம், அது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் தூங்கிவிட்டவருக்கும் ஆழ்ந்த தூக்கம் குறையும்.

அதே ஏற்காடு: நம்ம மலையில விளையறது அராபிகா. ரொபஸ்டாவில பாதி காஃபின்தான்.

அது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதியை இரண்டு டம்ளராகக் குடித்தால்?

அஸ்தம்பட்டி அக்கா: சிக்கரி கலந்தா?

சிக்கரியில் காஃபின் கிடையாது.

ஏற்காடு: சிக்கரி கலந்தா அது காபியே கிடையாதுக்கா!

ஐந்து ரோடு: சிக்கரி இல்லாத டிகிரி காபி ஒரு காபியா?

சாமிகளா, இதை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள். மதியம் 2 மணிக்கு மேல் வேண்டாம், எந்த மலைக் காபியானாலும்.

கொண்டலாம்பட்டி: எத்தனை மணி நேர...

முதல் பதில்!

அம்மாப்பேட்டை, விசைத்தறி: வாரம் விட்டு வாரம் நைட் ஷிஃப்ட். பகல்ல 4 மணி நேரத்துக்கு மேல தூக்கம் வரலை. பின்னாடி ஏதும் ஆகுமாண்ணா?

நானும் உங்கள் கட்சிதான், அதனால் மழுப்ப மாட்டேன். இரவுப் பணி அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007ல் சொன்னது, 2019ல் மறுபடி உறுதி செய்தது. சர்க்கரை, இதய நோய் வாய்ப்பும் கூடுகிறது. வெளிச்சத்தைப் பார்த்து ஓடும் உடம்புக் கடிகாரத்தோடு மல்லுக்கட்டுகிறோம். முடிந்தால் வாரா வாரம் மாற்றாமல் ஒரே ஷிஃப்டாகக் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்குப் போகும்போது கறுப்புக் கண்ணாடி, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, காதில் பஞ்சு. 4 மணி நேரம் போக மீதியில் பாதியையாவது ஷிஃப்டுக்கு முன் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் தூங்கிச் சரிக்கட்டலாம். வருடத்துக்கு ஒரு தடவை சர்க்கரையும் பிபியும் பார்த்துவிடுங்கள். போன மாதம் நான் பார்த்தேன், 150க்கு 95. பகல் டியூட்டி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.