நீலக் கழுகும் நிர்வாக ஆணையும்: வாசகர் கேள்விகள்

1930-களின் அமெரிக்கப் பொருளாதார மீட்சி பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வானொலியில் பேசியே வங்கிகளைக் காப்பாற்றினார் என்கிறார்களே?

பதில்: தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1933 மார்ச் 4 அன்று பதவியேற்பு உரை. 6-ஆம் தேதி எல்லா வங்கிகளையும் மூடச் சொல்லும் பிரகடனம். அதற்கு ஆதாரமாக அவர் காட்டியது 1917-ஆம் ஆண்டின் போர்க்காலச் சட்டம் ஒன்று. அது தாங்குமா என்ற சந்தேகம் இருந்ததால், 9-ஆம் தேதி காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அவசரச் சட்டம் போட்டு அதை உறுதி செய்தது. வானொலிப் பேச்சு வந்தது 12-ஆம் தேதிதான். மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியதும் ஜனங்கள் பணத்தைப் போட வரிசையில் நின்றார்கள். பேச்சு பலித்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சட்டம் நின்றிருந்தது.

கேள்வி: கடை வாசலில் நீலக் கழுகுப் படம் ஒட்டுவது அப்போது கட்டாயமா?

பதில்: இல்லை. 1933-இன் தேசியத் தொழில் மீட்புச் சட்டத்தின் கீழ் வந்த அடையாளம் அது. அதை ஒட்ட முதலாளி தானாக ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார்: ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 35 மணி நேரம், பொதுவாக மணிக்கு 40 சென்ட் கூலி. இரவுத் தாக்குதலில் தோழரைத் தோழர் சுட்டுவிடாதிருக்கப் போர்வீரர்கள் தோளில் அணியும் அடையாளம்போல என்று அவ்வருடம் ஜூலை 24 உரையில் ரூஸ்வெல்ட் விளக்கினார். படம் இல்லாத கடைக்கு ஆள் போகாது என்பதுதான் கணக்கு. அதே சட்டத்தின் கீழ் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியாக வகுத்த விதித்தொகுப்புகள் வேறு சங்கதி. அவை ஜனாதிபதியின் ஒப்புதலோடு சட்டமாகவே நடந்தன; மீறினால் நாளொன்றுக்கு 500 டாலர் வரை அபராதம்.

கேள்வி: அந்தக் கால நிர்வாக ஆணைகளை ஒரே இடத்தில் தேட முடியவில்லையே, ஏன்?

பதில்: நீங்கள் மட்டுமல்ல, அரசாங்க வக்கீல்களே தேடித் திண்டாடினார்கள்! பெட்ரோலியத் தொழிலுக்கான விதித்தொகுப்பில் உற்பத்தி வரம்பை மீறுவது குற்றம் என்றொரு பத்தி இருந்தது. 1933 செப்டம்பரில் வந்த ஒரு திருத்த ஆணையில் அது தவறுதலாக விடுபட்டுப்போனது. ஒருவரும் கவனிக்கவில்லை. இல்லாத விதியை வைத்து வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் நேரத்தில்தான் விஷயம் தெரிந்தது. நீதிபதிகள் முன் எப்படி முகம் சிவந்திருக்கும்! ஆணைகளை ஒரே இடத்தில் முறையாக வெளியிடும் வழக்கமே அதுவரை இல்லை. 1935 ஜூலையில் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது, 1936 மார்ச் 14 அன்று கூட்டாட்சி அரசிதழின் முதல் இதழ் வெளியானது. அதற்கு முந்தையதைத் தேடுவதென்றால் பொறுமை வேண்டும்.

கேள்வி: ஒரு கோழிக்கடை வழக்கில் இந்த விதித்தொகுப்புகள் எல்லாம் கவிழ்ந்தன என்பது உண்மையா?

பதில்: ஆமாம். புரூக்ளினின் ஷெக்டர் சகோதரர்கள் கோழி வியாபார விதிகளை மீறியதாக வழக்கு. சட்டம் இயற்றும் அதிகாரத்தை காங்கிரஸ் இப்படி ஜனாதிபதியிடம் தூக்கிக் கொடுக்க முடியாது, உள்ளூர் வியாபாரம் மத்திய அரசின் வரம்பிலும் வராது என்று 1935 மே 27 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். கழுகு விழுந்தது.

கேள்வி: 1933-இன் தொழில் மீட்புச் சட்டத்தின் 7(அ) பிரிவிலேயே தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை இருந்தது. அப்புறம் எதற்கு வாக்னர் சட்டம்?

பதில்: உரிமை இருந்தது, பல் இல்லை. நிறுவனங்கள் தங்கள் கைக்கு அடக்கமான சங்கங்களைத் தாங்களே தொடங்கிவிட்டு, 'இதோ சங்கம்' என்றன. செனட்டர் வாக்னர் தலைமையில் 1933-இல் அமைந்த தொழிலாளர் வாரியம் சமரசம் பேசலாம், மிஞ்சிப்போனால் கழுகுப் படத்தைப் பறிக்கச் சொல்லலாம். 1935 ஜூலை 5 அன்று வந்த வாக்னர் சட்டம் நிறுவனங்களின் அந்தக் கைப்பாவைச் சங்கங்களைத் தடை செய்தது, புதிய வாரியம் ஒன்றுக்கு உத்தரவிடும் அதிகாரமும் கொடுத்தது. பண்ணைக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் மட்டும் வெளியே விட்டுவிட்டது. அதை நான் சிறு குறையாக நினைக்கவில்லை.

கேள்வி: 1933 ஒப்பந்தத்தில் 40 சென்ட், 1938-இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் 25 சென்ட். கூலி குறைந்துவிட்டதா?

பதில்: பார்த்தால் அப்படித்தான் தெரியும். முன்னது சம்மதத்தில் கொடுத்தது, பின்னது கொடுக்காவிட்டால் குற்றம். அந்தச் சட்டமே 40 சென்ட்டை எட்ட ஏழு வருட அவகாசம் வைத்திருந்தது.