நாரி நோ என்றால் டிஸ்க்தானா?

கேள்வி: டொக்டர், எனக்கு 42 வயது. புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் கணக்கு எழுதுகிறேன், ஆள் குறைந்தால் துணிக்கட்டும் தூக்குவேன். மூன்று கிழமையாக நாரி நோ. காலையில் நிமிரவே கஷ்டம், நடக்க நடக்கக் கொஞ்சம் இளகும். மச்சான் டிஸ்க் விலகியிருக்கும் என்கிறார், அம்மா கிட்னி என்கிறா. எம்.ஆர்.ஐ. எடுக்கட்டுமா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நாரி நோவோடு வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு டிஸ்க்கும் இல்லை, கிட்னியும் இல்லை, தசை பிடித்திருக்கும், அவ்வளவுதான். மணிக்கணக்காகக் கதிரையில் கூனி இருந்துவிட்டு, திடீரென்று எழும்பி, முழங்காலை மடிக்காமல் குனிந்து கட்டைத் தூக்கி, தூக்கின கையோடு பக்கவாட்டில் திரும்பினால் நாரி என்ன செய்யும்? கட்டை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள், திரும்பும்போது காலையும் சேர்த்துத் திருப்புங்கள்.

முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தைதான் டிஸ்க், அது நரம்பை அழுத்தினால் நோ நாரியோடு நிற்காது. பிட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கத்தால் முழங்காலுக்குக் கீழே மின்னல் மாதிரி இழுக்கும், விறைக்கும், இருமினால் கூடும். கிட்னி நோ விலாவுக்குக் கீழே, அநேகமாக ஒரு பக்கம், எப்படித் திரும்பிப் படுத்தாலும் ஆறாது. கூடவே சலம் எரியும், அல்லது காய்ச்சல் குளிரோடு வரும். உங்கள் கடிதத்தில் இது எதுவும் இல்லை. நோவே இல்லாத ஆட்களின் எம்.ஆர்.ஐ.யிலும் டிஸ்க் பிதுங்கித் தெரிவது சர்வசாதாரணம், அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்துபோய் நடமாட்டத்தையே விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதுதான் எனக்குக் கவலை.

தயவுசெய்து படுத்தே கிடக்காதீர்கள். சுடுநீர் ஒத்தடம் பிடியுங்கள், அரை மணிக்கொரு தடவை கதிரையை விட்டு எழும்புங்கள், பின்னேரத்தில் காலிமுகத்திடலிலோ வெள்ளவத்தைக் கடற்கரையிலோ நடவுங்கள். பிரஷர், அல்சர், கிட்னி வருத்தம் இருந்தால் நோ மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடவேண்டாம்.

ஆறு கிழமையிலும் குறையாவிட்டால், அல்லது காலை இறுக்கம் அரை மணிக்கு மேல் நீடித்து மாதக்கணக்கில் தொடர்ந்தால், வைத்தியரிடம் காட்டுங்கள். விழுந்தபின் வந்த நோ, காய்ச்சல், காரணமில்லாமல் மெலிதல், முன்பு புற்றுநோய் இருந்தது, இவை இருந்தால் அதுவரை பொறுக்கவேண்டாம். சலம் அடைத்தாலோ, அறியாமல் போனாலோ, மறைவிடம் மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ அன்றிரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.