ஹெவி மெட்டல் (கனத்த, உரத்த ராக் இசை) குழுக்கள் எடுத்த முடிவுகளில் படுமோசமானது எது?

என்னைக் கேட்டால் செல்டிக் ஃப்ராஸ்ட் 1988-ல் வெளியிட்ட 'கோல்ட் லேக்' ஆல்பம்தான்.

சுவிட்சர்லாந்துக் குழு இது. கண்ணைச் சுற்றிக் கரிய மை, இடுப்பில் தோட்டா பெல்ட், கனத்த இருண்ட கிட்டார். பின்னாளில் வந்த டெத் மெட்டல், பிளாக் மெட்டல் என்ற இன்னும் கடுமையான மெட்டல் வகைக்காரர்கள் பலருக்கு முன்னோடி. அப்படிப்பட்டவர்கள் திடீரென்று கிளாம் மெட்டலுக்குத் தாவினார்கள். கிளாம் மெட்டல் என்றால் எளிதில் மனதில் ஒட்டும் மெட்டு, பளபள உடை, ஸ்ப்ரே அடித்துப் பஞ்சுமிட்டாய் போல உப்பவைத்த முடி. அன்று அமெரிக்காவில் அதற்குத்தான் மவுசு.

ஏன் எடுபடவில்லை? காரக்குழம்புக்கென்றே கூட்டம் வரும் மெஸ், ஒருநாள் போர்டை மாற்றி கேக் விற்றால் என்ன ஆகும்? பழைய ஆட்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். கேக் வேண்டியவர்களோ வழக்கமான பேக்கரிக்கே போவார்கள். அதேதான் நடந்தது.

பாடகர் டாம் வாரியரே பின்னாளில் இந்த ஆல்பத்தை வெறுத்து ஒதுக்கினார். 1999-ல் பழைய ஆல்பங்களை மறுவெளியீடு செய்தபோது இதை மட்டும் சேர்க்கவில்லை. (பெற்றவரே கைவிட்ட பிள்ளை!) அப்புறம் 2006-ல் 'மோனோதீஸ்ட்' ஆல்பம் வந்துதான் குழுவின் பெயர் மீண்டது.

"பாணியை மாற்றினாலே மெட்டல் ரசிகர்களுக்குப் பிடிக்காது" என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல: 1987-ல் இதே குழு 'இன்டு த பாண்டமோனியம்' ஆல்பத்தில் டிரம் மெஷின், வயலின் எல்லாம் கலந்து விளையாடியது, அதை இன்றும் கொண்டாடுகிறார்கள்.