நாகர்கோவில் வீடு, மனை: இந்த மாதக் கேள்விகள்

ஆடியில் இறங்கிய சென்ட் விலை ஆவணியில் ஏறிவிட்டது, உடனே முடியுங்கள் என்கிறார் புரோக்கர். வாங்கிவிடலாமா?
– பார்வதிபுரம் வாசகர்

மாதா மாதம் இந்தக் கேள்வி வருகிறது, நானும் இதையேதான் சொல்கிறேன். ஆடியில் குறைவது பத்திரங்களின் எண்ணிக்கை, விலை அல்ல. ஆடி போகட்டும் என்று ஜனங்கள் தள்ளிவைத்ததெல்லாம் ஆவணியில் மொத்தமாகப் பத்திர ஆபீஸுக்கு வரும், முகூர்த்த நாளில் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் கொடுக்கும், அந்தக் கூட்டத்தைக் காட்டி மார்க்கெட் ஏறிவிட்டது என்று யாராவது சொன்னால் அட்வான்ஸை எடுத்து நீட்டிவிடுவதா? வீட்டு விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும், தேசிய வீட்டுவசதி வங்கியின் ரெசிடெக்ஸ் குறியீடே மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. அதில் உள்ள 50 நகரங்களில் கோயம்புத்தூர் உண்டு, நாகர்கோவில் கிடையாது. ஆக, நம் ஊருக்கு மாத விலை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் விளம்பரத்தில் கேட்கிற விலை. வளைகுடாவில் சம்பாதிக்கிறவருக்கு விற்க அவசரமில்லை, கேட்ட விலையிலேயே வருடக்கணக்கில் போட்டு வைப்பார். கை மாறுகிற விலை வேறு. பதிவுத்துறை இணையதளத்தில் பக்கத்து சர்வே எண்களுக்கு வில்லங்கம், அதாவது அந்த இடத்தின் பேரில் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டு, கடந்த ஒரு வருடத்துக் கிரையங்களைப் பாருங்கள், பார்ப்பதற்குக் காசு கிடையாது. பத்திரத்தில் சிலர் குறைத்து எழுதுவார்கள்தான், ஆனாலும் விலை எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிந்துவிடும்.

பத்திரச் செலவு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். பெண் பெயரில் 10 லட்சம் வரை உள்ள சொத்து என்றால் 2025 ஏப்ரல் முதல் 1 சதவீதம் குறைவு. களியக்காவிளை தாண்டி பாறசாலையில் வாங்கினால் கேரளக் கணக்கு, 8-ம் 2-ம் சேர்த்து 10.

துபாயில் இருக்கிறேன். மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டம் வாங்கலாமா? முடியாவிட்டால் மச்சான் பெயரில்?

முடியாது. வெளிநாட்டில் வசிப்பவர் வீடு வாங்கலாம், வீட்டு மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் விடாது. குடும்பச் சொத்தாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். உங்கள் பணத்தில் மச்சான் பெயரில் வாங்குவது பினாமி, சொத்தே கைவிட்டுப் போகும். நினைத்தும் பார்க்காதீர்கள்.

60 லட்சத்துக்கு வீடு பேசியாச்சு. விற்பவர் குவைத்தில். 1 சதவீத வரி பிடித்தால் போதும்தானே?

போதாது. அந்த 1 சதவீதம், விற்பவர் இங்கே வசிப்பவராக இருந்தால்தான். வெளிநாட்டில் வசிப்பவருக்குப் பிடித்தம் பல மடங்கு, 50 லட்சத்திலிருந்துதான் பிடித்தம் என்ற வரம்பும் அவருக்குக் கிடையாது, பிடிக்கத் தவறினால் வருமான வரித்துறை உங்களைத்தான் கேட்கும். பேசி முடிப்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்திருக்க வேண்டும், இனியாவது பாருங்கள். பவர், அதாவது தன் சார்பில் விற்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம், வைத்து விற்கிறார் என்றால் அந்தப் பவரையும் வக்கீலிடம் காட்டுங்கள்.

அப்ரூவல் (அரசின் மனைப்பிரிவு அனுமதி) இல்லாத மனை மலிவாக வருகிறது…

2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாகப் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், பத்திரம் பதிய மாட்டார்கள்.

கோட்டாறில் ஒரு இடம் பார்த்தேன், நல்ல இடமா?

சர்வே எண் இல்லை, எத்தனை சென்ட் என்று இல்லை, பாதை எத்தனை அடி என்று இல்லை. இதற்கு என்ன பதில் சொல்ல? பட்டா நகலையும் 30 வருட வில்லங்கத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.